ஸ்பீக்கரின் கிரிலைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டுமா?

கேள்வி இது. ஒருவர் வரவேற்பறைக்காக ஓரளவு நல்ல விலையில் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார். கடைக்காரர், "முன்னால் இருக்கும் கிரிலைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், அப்போதுதான் உண்மையான ஒலி தெரியும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கிரில் என்பது ஸ்பீக்கரின் முகப்பை மூடும் உறை, பெரும்பாலும் ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. வீட்டிலோ மூன்று வயதுக் குழந்தை. கழற்றி வைக்கப் பயம், மாட்டி வைத்தால் கொடுத்த பணத்துக்கு முழு ஒலி கிடைக்கவில்லையோ என்ற உறுத்தல். "அந்தத் துணி உண்மையிலேயே ஒலியைக் கெடுக்கிறதா? கெடுக்கிறது என்றால் தயாரிப்பவர்களே ஏன் அதை மாட்டித் தருகிறார்கள்?" என்று கேட்கிறார்.

கிரில் ஒலியை மாற்றத்தான் செய்கிறது. அளந்தால் தெளிவாகத் தெரியும். கவனித்துக் கேட்டால் காதுக்கும் பல நேரம் தெரியும். ஆனால் அந்த மாற்றத்தில் துணியின் பங்கு மிகக் குறைவு. துணியை இழுத்துப் பிடித்திருக்கும் சட்டம்தான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. அது கெடுதலா இல்லையா என்பது, அந்த ஸ்பீக்கரை வடிவமைத்தவர் கிரிலோடு வைத்து ஒலியைச் சரிசெய்தாரா, கழற்றி வைத்துச் செய்தாரா என்பதைப் பொறுத்தது. எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே விடை சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். கடைக்காரரின் அறிவுரை பொதுவாகச் சரியாகவே இருக்கும். சில அருமையான ஸ்பீக்கர்களுக்கு அது முற்றிலும் தவறு.

முதலில் துணி. ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் அசைவது. துணியின் இழைகளுக்கு இடையே போதிய இடைவெளி இருந்தால் அந்த அசைவு தடையின்றிக் கடந்துபோகும். ஸ்பீக்கருக்கென்றே நெய்யப்படும் பாலியெஸ்டர் துணி மெல்லியது, இழுத்தால் நீளும், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். இப்படிப்பட்ட நல்ல துணி, 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, அதாவது மிக உயர்ந்த ஒலிகளில், அரை டெசிபல் முதல் ஒரு டெசிபல் வரை குறைக்கலாம் (டெசிபல் என்பது ஒலியளவின் அலகு). அதற்குக் கீழே அதன் விளைவு அநேகமாக இல்லை. நீங்கள் சோபாவில் நிமிர்ந்து உட்காருவதற்கும் சரிந்து உட்காருவதற்கும் இடையே ட்வீட்டரிலிருந்து (உயர்ந்த ஒலியை எழுப்பும் சிறு உறுப்பு) வரும் ஒலியில் இதைவிடப் பெரிய மாற்றம் ஏற்படுவது உண்டு.

துணி மீதான சந்தேகம் முழுக்க ஆதாரமற்றது என்றும் சொல்ல மாட்டேன். பழைய வால்வு ரேடியோக்களின் முகப்பில் ஜரிகை கலந்த தடித்த நெசவுத் துணி இருக்கும். மத்திய அலை ஒலிபரப்பில் நம் பக்கத்து நாடுகளில் நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அதனால் நாலரை கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வந்து சேராது. துணி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இழப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதே துணியை இன்றைய ட்வீட்டர் முன்னால் கட்டினால் நிச்சயம் மந்தமாகக் கேட்கும். ஆக, துணி என்றால் எந்தத் துணி என்று கேட்க வேண்டும். வெல்வெட், ரெக்சின், நெருக்கமாக நெய்த சட்டைத் துணி ஆகியவை கூடாது. வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு எதிர்ப்பின்றி மறுபக்கம் போய்க் கையில் படுகிறது என்றால் அந்தத் துணி போதும். தடை உணர்ந்தால் வேண்டாம். எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய இந்தச் சோதனை பெரும்பாலும் சரியான முடிவைத்தான் தரும்.

துணி அப்பாவி என்பதற்கு இன்னொரு வலுவான சாட்சி இருக்கிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும், 1991-க்குப் பிறகு ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்திலும் ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் நடத்திய புகழ்பெற்ற கேட்புச் சோதனைகள் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்து வைத்து நடந்தவை. எந்த ஸ்பீக்கர் பாடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக ஒலி ஊடுருவும் துணியைத் தொங்கவிட்டார்கள். நல்ல ஸ்பீக்கர் எது, சுமாரானது எது என்று அந்தத் துணிக்குப் பின்னாலிருந்தே கேட்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரேபோலப் பிரித்துச் சொன்னார்கள். துணி ஒலியைக் குலைத்திருந்தால் அது நடந்திருக்காது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பதில் இருப்பது இங்கேதான்.

உங்கள் கிரிலைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையிலோ பிளாஸ்டிக்கிலோ வெட்டிய ஒரு செவ்வகச் சட்டம் இருக்கும். தடிமன் 12 முதல் 18 மில்லிமீட்டர். உள்விளிம்பு பெரும்பாலும் செங்குத்தாக, ரம்பம் வெட்டிய மேனிக்கே இருக்கும். துணியை மடித்து ஒட்டிய பசை ஓரங்களில் திட்டுத் திட்டாகக் காய்ந்திருக்கும். ட்வீட்டருக்கும், தாழ்ந்த ஒலியை எழுப்பும் வூஃபருக்கும் நடுவே, சட்டம் வளையாமல் இருப்பதற்காகக் குறுக்கே ஒரு கட்டை ஓடும். மூலைகளில் ஸ்பீக்கரின் துளைகளில் செருகும் முளைகள். வெளியே இருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது மெல்லிய கறுப்புத் துணி. ட்வீட்டரின் இடத்திலிருந்து பார்த்தால் தெரிவது நாலு பக்கமும் எழும்பி நிற்கும் சுவர்.

ட்வீட்டர் ஒலியை நேரே முன்னால் மட்டும் அனுப்புவதில்லை. முன்பலகையை ஒட்டி எல்லாத் திசையிலும் அது பரவுகிறது, குறிப்பாக அது இயங்கத் தொடங்கும் 2, 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியில். அப்படிப் பரவும் அலை சட்டத்தின் உட்சுவரில் மோதிப் புதிதாக ஒரு முறை கிளம்பி உங்களை நோக்கி வருகிறது. நேரடி ஒலி முதலில், இது சற்றுப் பின்னால். இரண்டும் காதில் கலக்கின்றன. சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். சிலவற்றில் ஒன்றையொன்று தின்னும்.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். ட்வீட்டரின் மையத்திலிருந்து சட்டத்தின் உள்விளிம்பு 8 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர். 8 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட ஒலி 4300 ஹெர்ட்ஸ். நேர் எதிரே தொலைவில் இருந்து கேட்பவருக்குச் சட்டத்தில் பட்டு வரும் ஒலி சுமார் 8 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. ஆகவே 4300-லும் 8600-லும் அது நேரடி ஒலியோடு கைகோக்கும். அரை அலை பின்தங்கும் 2150-லும், ஒன்றரை அலை பின்தங்கும் 6450-லும் எதிர்த்து நிற்கும். பட்டு வரும் ஒலியின் அழுத்தம் நேரடி ஒலியில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே மேட்டில் 1.6 டெசிபல் கூடும், பள்ளத்தில் 1.9 டெசிபல் குறையும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே மூன்றரை டெசிபல். துணி பறித்துக்கொள்ளும் அரை, ஒரு டெசிபலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

உண்மையில் நடப்பது இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் சிக்கலானது. 2150 ஹெர்ட்ஸின் அலைநீளம் 16 சென்டிமீட்டர். ஒன்றரை சென்டிமீட்டர் உயரச் சுவர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல, ஏறி மிதித்துவிட்டுப் போய்விடும். 4, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் சுவரின் உயரம் அலைநீளத்தில் கணிசமான பங்காகிறது. எனவே பள்ளமும் மேடும் முதலில் சிறிதாகத் தொடங்கி மேலே போகப் போகப் பெரிதாகும். பிறகு, ட்வீட்டருக்கு இடது, வலது, மேல் விளிம்புகள் வெவ்வேறு தூரத்தில் இருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் மேடு பள்ளம் போட்டு, மொத்தத்தில் ஓரளவு சமனாகிவிடும். மூன்றும் ஒரே தூரத்தில் இருந்தால் எல்லாத் தவறும் ஒரே இடத்தில் குவியும். ட்வீட்டரைச் சுற்றிச் சரியான வட்டமாக வெட்டிய சட்டம் பார்க்க அழகாக இருக்கும், ஒலிக்கு அதுவே மிக மோசம். சில தயாரிப்பாளர்கள் ட்வீட்டரை நடுவில் வைக்காமல் ஒரு பக்கம் தள்ளி வைத்து, இடது வலது ஸ்பீக்கர்களைக் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராகச் செய்வது இந்தக் குவிதலைத் தவிர்ப்பதற்காகத்தான்.

விளிம்புகள் ஒலியை இப்படி ஆட்டிவைக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் இருந்த ஹாரி ஓல்சன், ஒரே ஒலிப்பானைக் கோளம், கனசதுரம், உருளை, கூம்பு என்று வெவ்வேறு வடிவப் பெட்டிகளில் பொருத்தி அளந்து 1951-இல் வெளியிட்டார். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஒலி எவ்வளவு வருகிறது என்று காட்டும் வளைகோடு, கோளத்தில் வழவழப்பாக இருந்தது. நடுவில் ஒலிப்பான் வைத்த கனசதுரத்தில் அது ஏறி இறங்கிக் குலுங்கியது. பெட்டியின் கூர்மையான வெளிவிளிம்பே இவ்வளவு செய்யும். நாமோ அந்த விளிம்புக்கு உள்ளே, ட்வீட்டருக்கு இன்னும் பக்கத்தில், கிரில் சட்டம் என்ற பெயரில் இன்னொரு விளிம்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். முன்பலகையின் ஓரங்களை வளைத்து, இழைத்து, ட்வீட்டரைப் பலகை மட்டத்துக்குப் பதித்து வைக்க வடிவமைப்பாளர் அரும்பாடுபட்டிருப்பார். மேலே ஒரு செங்கோணச் சட்டத்தை மாட்டினால் அந்த உழைப்பில் பாதி வீண்.

"அப்படியானால் ஈக்வலைசரில் சரிசெய்துவிடலாமே?" என்று தோன்றும். துணி குறைக்கும் உயர்ந்த ஒலியை, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் ஈடுகட்டலாம். சட்டம் போடும் மேடு பள்ளத்தை முடியாது. நேர் எதிரே கேட்கும்போது 4300-இல் இருக்கும் மேடு, 30 பாகை விலகிக் கேட்டால் வேறு இடத்தில் இருக்கும், ஏனென்றால் பயண தூர வேறுபாடு மாறிவிடுகிறது. நேர்த்திசைக்காகச் சரிசெய்தால் பக்கத்திசையில் கெடும். பக்கத்திசை ஒலி சுவரில் பட்டு உங்கள் காதுக்குத்தான் வருகிறது. பிறவியிலேயே நேராக இருக்கும் ஒலிக்கு இணையில்லை.

காதுக்கு இது எப்படித் தெரியும்? 8 சென்டிமீட்டர் தாமதம் என்பது கால் மில்லிவிநாடிக்கும் சற்றுக் குறைவு. அதைக் காது தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்காது. ஒலியின் நிறமாகவே எடுத்துக்கொள்ளும். பெண் குரலில் ச, ஷ ஒலிகள் சற்றுக் கூர்மையாகவோ மூடினாற்போலவோ கேட்கும். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே பாடகர் நிற்பதுபோலத் தோன்றும் அந்தப் பிம்பம் கொஞ்சம் அகன்று, ஓரம் கலங்கியிருக்கும். தம்புராவை நன்றாகப் பதிவுசெய்த இசை இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள் (மின்னணுச் சுருதிப்பெட்டி வேண்டாம், அசல் தம்புரா). குதிரையில் நூல் வைத்துச் சேர்த்த ஜீவாவிலிருந்து மேல்சுரங்கள் பல கிலோஹெர்ட்ஸ் வரை இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும். அந்த நிலையான ஒலிப்பரப்பில் ஒரு பகுதி எழுந்தாலும் அமுங்கினாலும் காது உடனே பிடித்துவிடும். இந்தச் சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான இசையை நான் அறியேன்.

பேஸ் ஒலியைப் பற்றிப் பலர் கேட்பார்கள்: கிரிலைக் கழற்றினால் பேஸ் கூடுமா? கூடாது. 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் மூன்றரை மீட்டருக்குச் சற்றே குறைவு; அதற்குக் கிரில் இருப்பதே தெரியாது. தளர்ந்த கிரில் தாழ்ந்த ஒலியில் அதிர்ந்து கிடுகிடுக்கும், அது வேறு கோளாறு. மூலையை விரலால் அழுத்திப் பிடித்தால் சத்தம் நின்றுவிட்டால் முளைதான் தளர்ந்திருக்கிறது. காற்றுத் துளை முன்பக்கம் இருக்கும் பெட்டிகளில், தடித்த துணி அந்தத் துளையையும் மூடியிருந்தால், சத்தமாக வைக்கும்போது புஸ்ஸென்ற காற்றொலி சேரலாம்.

இனி, கடைக்காரரின் அறிவுரை செல்லுபடியாகாத ஸ்பீக்கர்கள். முதலில் சொல்ல வேண்டியது பி.பி.சி.யின் எல்.எஸ். 3/5ஏ. 1970-களின் முற்பாதியில் பி.பி.சி. பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளில் வைக்க உருவாக்கிய சின்னப் பெட்டி இது. உயரம் 30 சென்டிமீட்டர், அகலம் 19. வூஃபரும் ட்வீட்டரும் கெஃப் நிறுவனத்துடையவை. இதன் முன்பலகை பெட்டிக்குள் சற்று உள்வாங்கி இருக்கும். பெட்டியின் ஓரங்கள் சுற்றிலும் வரப்புபோல எழும்பி நிற்கும். அந்தப் பள்ளத்துக்குள் கிரில் உட்காரும். நான் மேலே சொன்னபடி பார்த்தால் இது மிகவும் தவறான அமைப்பு. பொறியாளர்களுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் ட்வீட்டரைச் சுற்றி நாலு பக்கமும் தடித்த ஃபெல்ட் பட்டைகளை ஒட்டினார்கள். பலகையை ஒட்டி ஓடும் ஒலி விளிம்பைத் தொடுவதற்கு முன்பே ஃபெல்ட்டில் அடங்கிவிடும். ட்வீட்டரின் மேல் துளையிட்ட உலோகக் கவசமும் உண்டு. ஃபெல்ட், கவசம், கிரில் துணி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான், வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்று சரிசெய்யப்பட்டது. இதில் கிரிலைக் கழற்றினால் நீங்கள் கேட்பது வடிவமைத்தவர் கேட்ட ஒலி அல்ல.

இதே மரபில் வந்த ஹார்பெத் ஸ்பீக்கர்களும் கிரிலோடு கேட்பதற்கே செய்யப்படுபவை. அவற்றின் கிரில் சட்டம் மரக்கட்டை அல்ல. முன்பலகையைச் சுற்றியுள்ள பள்ளத்தில் செருகும் மெல்லிய உலோகச் சட்டம். ஒலி மோதுவதற்குச் சுவரே கிடையாது. கழற்றுவதும் சிரமம், கழற்ற வேண்டாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை. அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் வாண்டர்ஸ்டீன் இன்னொரு வழியில் போனார். 1977-இல் வந்த மாடல் 2-இல் பளபளப்பான மரப்பெட்டியே இல்லை. ஒலிப்பான்களைச் சுற்றிப் பலகையை முடிந்த மட்டும் குறைத்துவிட்டு, முழு உருவத்துக்கும் ஒரு துணி உறையைப் போர்த்திவிட்டார். தெறிக்க விளிம்பு குறைவு, துணிக்குச் சட்டமும் அருகில் இல்லை. துணியால் தீங்கில்லை, விளிம்பால்தான் தீங்கு என்று நம்பிய ஒருவர் கட்டிய ஸ்பீக்கர் அது.

குவாட் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட மின்னிலை ஸ்பீக்கரில் (மின்னூட்டிய மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி எழுப்பும் வகை) பேச்சுக்கே இடமில்லை. உள்ளே பல ஆயிரம் வோல்ட். முன்னால் இருக்கும் உலோக வலை உயிர்க்காப்பு; அதைக் கழற்றுவது பற்றி நினைக்கவே கூடாது.

ஜே.பி.எல். நிறுவனத்தின் எல்100 வந்தது 1970-இல். கட்டம் கட்டமாகப் புடைத்த ஃபோம் கிரில், ஆரஞ்சு, நீலம் என்று நிறங்கள். அந்தக் கிரிலுக்காகவே வாங்கியவர்கள் உண்டு. ஒலியளவில் ஃபோம் துணியைவிடக் கொஞ்சம் அதிகமாக உயர்ந்த ஒலியைக் குறைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கால ஃபோம் ஈரக் காற்றில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் பிசுபிசுத்துப் பொடிப்பொடியாக உதிரும். பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உதிர்ந்த துகள் கூம்பிலும் ட்வீட்டரிலும் ஒட்டிக்கொள்ளும்.

உலோகத் துளைத்தகடு தனி வகை. துளைகள் சிறியதாகவும் நெருக்கமாகவும், தகடு மெல்லியதாகவும், மொத்தப் பரப்பில் திறந்த பங்கு பாதிக்கு மேலும் இருந்தால் அது நல்ல துணிக்கு அருகில் வரும். திறந்த பங்கு குறையக் குறைய, துளைக்குள் அடைபட்ட காற்றின் நிறையே உயர்ந்த ஒலிக்குத் தடையாகிறது. மோதித் திரும்பும் பங்கும் கூடுகிறது. திரையரங்கில் இதன் உச்சத்தைக் காணலாம். நடு ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் இருக்கும். திரையில் ஒரு மில்லிமீட்டர் அளவுத் துளைகள், திறந்த பங்கு வெறும் 5 சதவீதம் அளவுக்குத்தான். உயர்ந்த ஒலியில் பல டெசிபல் அங்கேயே போய்விடுகிறது, அதை ஈடுகட்டித்தான் அரங்கின் ஒலியை அமைக்கிறார்கள். வீட்டில் இதற்கு ஒப்பானது மேற்கூரை ஸ்பீக்கர்களின் வெள்ளைத் தகடு. வீட்டுக்கு வண்ணம் அடிக்கும்போது அதன் மேலும் ஒரு பூச்சு அடித்துவிடுவார்கள். பாதித் துளை அடைந்துவிடும். தகட்டைக் கழற்றிக் கொடுத்து ஸ்பிரேயில் மெல்லியதாக அடிக்கச் சொல்லுங்கள். அடித்ததும் ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

ட்வீட்டரின் முன்னால் எதையாவது வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒலிப்பதிவுக் கூடங்களிலிருந்து ஒரு கதை. யமஹா 1978-இல் வீட்டு உபயோகத்துக்காக வெளியிட்ட என்.எஸ்-10எம், கூடங்களில் மிக்ஸிங் மேசையின் மேல் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கராக உலகெங்கும் பரவியது. அருகில் வைத்துக் கேட்டால் ட்வீட்டர் உறுத்தலாக இருந்தது. அதனால் பொறியாளர்கள் பலர் அதன் மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டிக்கொண்டார்கள். ஒலி அளவீட்டாளர் பாப் ஹோடஸ் இந்தப் பழக்கத்தையே எடுத்து அளந்து 1986-இல் எழுதினார். காகிதம் உயர்ந்த ஒலியைக் குறைத்தது. அத்தோடு, அதில் பட்டுத் திரும்பும் ஒலியால் வளைகோட்டில் வரிசையாக மேடு பள்ளங்களும் விழுந்தன. காகிதத்துக்குக் காகிதம் விளைவும் வேறுபட்டது. பின்னர் யமஹாவே ட்வீட்டரை மாற்றி, கூடங்களுக்கென்று என்.எஸ்-10எம் ஸ்டூடியோ என்று வெளியிட்டது. மூச்சுக் காற்று எளிதில் புகாத மெல்லிய பொருள், எளிதில் புகும் துணியைவிட எவ்வளவு வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

சரி, உங்கள் ஸ்பீக்கருக்கு எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் கையேட்டைப் படியுங்கள். பல நிறுவனங்கள் கிரிலோடு கேட்கவா, கழற்றிக் கேட்கவா என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். எழுதாவிட்டால் ஸ்பீக்கரே சொல்லும். கிரில் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிறது, முன்பலகையில் முளைத்துளைகளே இல்லை, ட்வீட்டரைச் சுற்றி அழகாக இழைத்த வளைவு இருக்கிறது என்றால், கழற்றிக் கேட்பதை மனத்தில் வைத்தே அதைச் செய்திருப்பார்கள். முன்பலகை பூச்சின்றி, திருகுகள் கரடுமுரடாகத் தெரிய, கிரில் இறுக்கமாகப் பதிந்திருக்கிறது என்றால் அது கிரிலோடு வாழ்வதற்குச் செய்தது. கிரில் சட்டத்தின் உள்விளிம்பை 45 பாகையில் சரித்திருந்தாலோ, சட்டத்தின் உட்பக்கம் ட்வீட்டரைச் சுற்றி வளைவாகத் தொடர்ந்தாலோ, யாரோ அக்கறையோடு யோசித்திருக்கிறார்கள் என்று பொருள்.

பிறகு காதால் சோதியுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. கிரிலைக் கழற்றியதும் கூம்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன; ஒலி திறந்துகொண்டதுபோல மனமும் நினைத்துக்கொள்ளும். 1994-இல் டூலும் அவருடைய சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்தும் பார்க்காமலும் மதிப்பிடச் சொன்னபோது, அனுபவசாலிகளின் மதிப்பெண்களே மாறிப்போயின. எனவே நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் வேறொருவரைக் கழற்றவும் மாட்டவும் சொல்லுங்கள். சில நேரம் கழற்றுவதுபோல் சத்தம் செய்துவிட்டு மாற்றாமலே விடச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஸ்பீக்கரைப் பயன்படுத்துங்கள், மோனோவில். காது ட்வீட்டரின் உயரத்தில் இருக்கட்டும். ஒலியளவுக் குமிழைத் தொடாதீர்கள். கழற்றியதும் பளிச்சென்று கேட்டால் அதுவே சிறந்தது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். பளிச்சென்று கேட்பது முதல் இரண்டு நிமிடத்துக்கு எல்லோருக்கும் பிடிக்கும். ஒரு முழுக் கச்சேரியைக் கேட்ட பிறகு காது களைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அளக்க விருப்பம் இருந்தால் அதுவும் இப்போது எளிது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், ஒரு யு.எஸ்.பி. அளவீட்டு மைக்கும் போதும். மைக்கை ட்வீட்டருக்கு நேரே ஒரு மீட்டர் தூரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கிரிலோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. இடையே மைக்கோ ஸ்பீக்கரோ ஒரு சென்டிமீட்டர் கூட அசையக்கூடாது. முளைக் கிரிலைப் பிடுங்கும்போது ஸ்பீக்கர் நகர்ந்துவிடும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அளவீட்டுக் கால அளவை 4 மில்லிவிநாடிக்குச் சுருக்கினால் அறைச் சுவர்களின் பங்கு பெரும்பாலும் நீங்கிவிடும். 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே தகவல் போய்விடும், ஆனால் கிரிலின் கதை 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தானே. இரண்டு வளைகோடுகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டாம், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். மைக்கின் குறைகள் இரண்டிலும் ஒன்றே என்பதால் கழித்தலில் அவை அடிபட்டுப்போகும். மேலே போகப் போக மெல்லச் சரியும் கோடு வந்தால் அது துணியின் வேலை. ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனால் சட்டம். பிறகு மைக்கை 30 பாகை நகர்த்தி இதையே செய்யுங்கள். மேடு பள்ளம் இடம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

சட்டம் கெடுக்கிறது, ஆனால் கிரில் இல்லாமல் முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்குச் செய்ய வேலை இருக்கிறது. சட்டத்தின் உள்விளிம்பை அரத்தாலும் உப்புத்தாளாலும் சரிவாக இழைக்கலாம்; எம்.டி.எஃப். எளிதில் இழையும், தூளை மட்டும் மூச்சில் இழுத்துவிடாமல் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். ட்வீட்டரை நோக்கிய உட்சுவரில் கம்பளி ஃபெல்ட் பட்டை ஒட்டலாம். ஹார்மோனியம் பழுதுபார்க்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். துணியை வெட்டிப் புதிதாகப் போர்த்துவதானால் நாலு பக்கமும் ஒரே இழுப்பில் இழுத்து ஒட்டுங்கள், பசை துணியின் நடுப்பகுதிக்கு வராமல் பாருங்கள். இவை மூன்றும் செய்தால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பும் கோணத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்பதற்கோ செலவே இல்லை.

சவுண்ட்பாருக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். அதன் தகடு கழலாது. தகட்டோடு சேர்த்தே உள்ளிருக்கும் மின்னணுவில் ஒலியைச் சரிசெய்திருப்பார்கள்.

கேட்டவரின் வீட்டுக்கு வருகிறேன். மூன்று வயதுக் குழந்தைக்கு ட்வீட்டரின் நடுவே புடைத்திருக்கும் குமிழ் ஒரு பொத்தான், அழுத்தாமல் போகாது. பட்டுத்துணிக் குமிழ் அமுங்கினால் சில சமயம் மீளும். அலுமினியக் குமிழ் ஒரு முறை நசுங்கினால் மீளாது, அந்த ட்வீட்டரை மாற்றத்தான் வேண்டும். பெரிலியம் குமிழாக இருந்தால் இன்னும் கவனம் தேவை: அது உடைந்தால் வரும் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. 1974-இல் வந்த யமஹா என்.எஸ்-1000எம்மில் அந்தக் குமிழ்களின் மேல் கழற்ற முடியாத உலோக வலை இருந்தது. நம் ஊர்த் தூசி, கூம்புக்குப் பின்னால் குடியேறும் பல்லி, முன்பக்கக் காற்றுத் துளையில் மண்கூடு கட்டும் குளவி எல்லாவற்றுக்கும் கிரில் ஒரு தடுப்பு.

ஆகவே குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் கிரில் மாட்டியே இருக்கட்டும். அதில் உறுத்தலுக்கு இடமே இல்லை. நீங்கள் இழப்பது சில இடங்களில் ஒன்றிரண்டு டெசிபல், ஸ்பீக்கரின் குணத்தை அல்ல. குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து கேட்கும் நேரத்தில், மேலே சொன்ன சோதனையில் கழற்றியதே மேல் என்று காது சொல்லியிருந்தால், கழற்றிக்கொள்ளுங்கள். முளைக் கிரிலாக இருந்தால் ஒரு மூலையைப் பிடித்து இழுக்காமல், நாலு மூலையையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தி எடுங்கள். ஒரே மூலையில் இழுத்தால் முளை உடைந்து துளைக்குள்ளேயே நின்றுவிடும். கழற்றிய சட்டத்தை யாரும் மிதிக்காத இடத்தில் வையுங்கள், மிதித்தால் துணி கிழியும். காந்தக் கிரிலாக இருந்தால் திருப்பி வைக்கும்போதுதான் கவனம்: காந்தம் கடைசி ஓர் அங்குலத்தில் சட்டென்று இழுக்கும், அந்த இழுப்பில் சட்டத்தின் ஓரம் நழுவி ட்வீட்டரில் போய் இடிக்கும். இரண்டு கையாலும் பிடித்து, முதலில் கீழ் விளிம்பைப் பதித்துவிட்டு மேல் விளிம்பைச் சாயுங்கள்.